துவைத்துக் கொடுத்த துணி

என் வீட்டுக்காரர் மருந்தடித்துவிட்டு வந்த சட்டையை இத்தனை வருசத்தில் ஒருநாள்கூட நான் தொட்டது கிடையாது. தொட விடமாட்டார். சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கினால் வாசல் வழியாக வரமாட்டார், சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கம் போவார். அங்கே துவைக்கிற கல் கிடக்கிறது. சட்டை, கைலி, தலைத்துண்டு எல்லாவற்றையும் அவிழ்த்து, அவரே சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, தனிக் கொடியில் காயப்போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, அதற்கப்புறம்தான் காப்பி கேட்பார். மருந்து நாத்தம் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அந்தச் சட்டையை எடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வீடு என் அண்ணன் வீடு. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கிண்டல் பண்ணும். “மாப்ளே, சட்டை மட்டும் பத்தாது, தோலையும் கழத்திக் காயப்போடு.”

“ஒன்னய மாதிரி அழுக்கோட படுக்கச் சொல்றியா மச்சான்?” என்று இவர் திருப்பிக் கொடுப்பார்.

எங்களுக்கு ராசிங்காபுரம். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, போடி மெட்டைத் தாண்டி, ஏலத்தோட்டத்தில் இறங்கினால் பொம்பளையாட்கள் எல்லாம் காய் எடுக்கப் போவோம். காய்ந்த தண்டைக் கழிக்கிற கவாத்துக்கு அண்ணன் போகும். இவரும் இன்னும் சிலபேரும் மருந்தடிக்கப் போவார்கள். டிரம்மில் மருந்தைக் கலக்கி, மோட்டாரைப் போட்டு, நீளமான ஓஸைத் தோளில் இழுத்துக்கொண்டு செடிக்குச் செடி போகவேண்டும். ஏலச்செடி ஆளைவிட உசரம். மேலே அடிக்கிறது இலையில் பட்டுத் தன்மேலேயே சொட்டும். காற்று எதிர்த்து வீசினால் கேட்கவே வேண்டாம். மூஞ்சியில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். அந்தத் துண்டு நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இடி இடித்தால் பயம், பிள்ளை போன் எடுக்காவிட்டால் பயம், ஜீப்புக்காரர் கொட்டாவி விட்டால் பயம். அதனால் நான் ஒன்று சொன்னால் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இவர் கை நடுங்குவதை நான் பார்த்தேன். டீ கிளாசைப் பிடித்தால் விளிம்பில் டீ அலையடிக்கும். மருந்தடிக்கிற நாளில் சோறு இறங்காது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், துப்பிக்கொண்டே இருப்பார். போடியில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பலவீனம் என்று சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

“இந்தச் சோலி வேணாங்க. களையெடுக்கப் போங்க, கவாத்துக்குப் போங்க.”

“இதுல கூலி கூட வருதுல்ல. கை நடுங்குறது ஜீப்புல வந்த ஆட்டம். அம்புட்டு வளைவு சுத்தி எறங்குனா கை என்ன, காதே ஆடும்” என்பார்.

இப்படி இழுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அளக்கிறவர்கள் வந்தார்கள்.

ஏதோ பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள். வேன் நிறையப் பெட்டி, பாட்டில். அவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண்தான் எங்களிடம் பேசினது. சமுதாயக்கூடத்துக்கு எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. பொட்டிபுரத்து மலையைக் குடைந்து ஆராய்ச்சிக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதிலிருந்து எங்கள் பக்கத்தில் கருவியோடு யார் வந்தாலும் ஜனம் ஒருமாதிரியாகத்தான் பார்க்கும். ஒரு பெரியம்மா நேரடியாகவே கேட்டுவிட்டது. “மலையைக் கொடைய வந்துருக்கீகளாத்தா?”

“இல்லம்மா. நாங்க மலையைத் தொடவே மாட்டோம். தண்ணி, மண்ணு, உங்க துணி, அவ்வளவுதான் பாப்போம்.”

“துணியவா? துணியை எதுக்குடி கேக்குறாக?” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, கூட்டம் சிரித்தது.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னது. இந்த மலையும் தண்ணியும் எப்படி இருக்கிறது, இதில் வேலை செய்கிற ஆட்கள் எப்படி இருக்கிறார்கள், இன்னும் எத்தனை காலத்துக்கு இதே மாதிரி விவசாயம் பண்ண முடியும், இதையெல்லாம் வாய் வார்த்தையாகச் சொல்லாமல் அளந்து பார்த்துச் சொல்ல வந்திருக்கிறார்களாம். ஓடையில் கல்லைப் புரட்டி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். பூச்சி இருந்தால் ஓடை நன்றாக இருக்கிறதாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி, அண்ணன் பெண்டாட்டி, என் விலாவில் இடித்தது. “பூச்சியக் கொல்ல ஒம்புருசனுக்குச் சம்பளம். பூச்சி இருக்கான்னு பாக்க இவுகளுக்குச் சம்பளம். பூச்சிக்குத்தான் ஒருத்தனும் சம்பளம் குடுக்கல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில் அளக்காத பொருள் கிடையாது. காய்க்குச் சல்லடை, பச்சை நிறத்துக்குக் கண், எடைக்குத் தராசு. ஒரு காய் எத்தனை பருமன் என்று போடிச் சந்தையில் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இந்த மனுசனுக்குள் எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று சொல்ல ஒரு தராசு வந்துவிட்டதே என்றுதான் எனக்கு இருந்தது.

அவர்கள் கொடுத்தது உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் துணித் துண்டு. சட்டையில் நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, கைக்கு, கைலியில் தொடைக்கு என்று தைத்துவிட்டார்கள். மருந்தடிக்கிறவர்களுக்கும் தைத்தார்கள், காய் எடுக்கிற எங்களுக்கும் தைத்தார்கள். ஒருநாள் வேலைக்குப் போட்டுப் போய்விட்டு வந்தால் போதும். சாயங்காலம் ஜீப்பு நிற்கிற இடத்தில் அவர்களே காத்திருந்து, துண்டை வெட்டி எடுத்து, வெள்ளித்தாளில் சுற்றிக் கொண்டுபோவார்கள். மேலே எவ்வளவு மருந்து படிந்தது என்று அது சொல்லும்.

அன்றைக்கு வீட்டில் நான் மறுபடி அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். இவர் கடைசியில் அலுத்துப்போய், “சரி. அவுக பேப்பர்ல எம்மேல விசம் ஏறியிருக்குன்னு வந்தா ஓஸைத் தொடமாட்டேன். வரலைன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சரியா?” என்றார்.

“சரி” என்றேன். வாழ்க்கையில் அவர் எனக்குக் கொடுத்த வார்த்தை என்று அது ஒன்றுதான். சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. வரவில்லை என்றால்?

மறுநாள் ஜீப்பில் எங்களைப் பார்த்து டிரைவர், “என்ன, ஊரே ஒட்டுப்போட்டுக் கெளம்பிருச்சு?” என்றார். மேலே தோட்டத்தில் மலையாளத்துக்கார சூப்பர்வைசர், “எந்தா இது, எல்லார்க்கும் அடிபட்டோ?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நான் காய் எடுத்துக்கொண்டே இவர் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் மட்டும் வந்தது.

சாயங்காலம் நாங்கள் இறங்கி வந்தபோது அளக்கிறவர்கள் இல்லை. ஓடைத் தண்ணி எடுக்க மேலே போனவர்கள், எங்கள் ஜீப்புக்குப் பின்னால் வந்திருக்கிறார்கள். நடுவில் பாதையில் மரம் விழுந்து வேன் மாட்டிக்கொண்டது. மதினி போனுக்கு அந்தப் பெண் கூப்பிட்டது. மதினி பேசிவிட்டு எல்லாருக்கும் சத்தமாகச் சொன்னது. “காலையில வர்றாகளாம். அதுவரைக்கும் துண்டைப் பத்திரமா வைக்கணுமாம். வெரசா வீட்டுக்குப் போங்க.”

இவர் முன்னால் நடந்துவிட்டார். நான் மில்லில் கொடுத்திருந்த மாவை வாங்கிக்கொண்டு சந்துக்குள் திரும்பினேன். கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு நிமிசம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே. அப்புறம்தான் மாவுத் தூக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். வெள்ளைத் துண்டுகள் தைத்தது தைத்தபடி, பால் மாதிரி இருந்தன.

“என்னங்க பண்ணிட்டீக!”

“என்னத்தப் பண்ணுனேன்? பத்திரமா வைக்கச் சொன்னாகளாம்ல. நாத்தம் புடிச்ச துணிய வீட்டுக்குள்ளயா வைக்க முடியும்?”

“அந்த நாத்தத்தத்தான கேட்டாக!”

அவர் கையிலிருந்த சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்துவிட்டது. “படிச்ச பிள்ளைக கையில அழுக்குத் துணியக் குடுக்கச் சொல்றியா? நம்மளப் பத்தி என்ன நெனைப்பாக?” என்று சட்டையை உதறிக் கொடியில் போட்டார். உதறின தண்ணி என் மூஞ்சியில் தெறித்தது. அதைத் துடைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

காலையில் சமுதாயக்கூடத்தில் வரிசை நின்றது. முன்னால் நின்ற மதினியின் கையைப் பார்த்தேன். துண்டைப் பிரித்தெடுத்து, துவைத்து, நீலம் போட்டு, நான்காக மடித்து வைத்திருந்தது. அதற்கு முன்னால் நின்றவள் துண்டும் வெளுப்பாகத்தான் இருந்தது. அங்கங்கே ஒன்றிரண்டுதான் பழுப்பாகத் தெரிந்தது. அந்தப் பெண்ணும் கூட வந்த பையன்களும் குனிந்தபடியே ஒவ்வொன்றாக வாங்கி வெள்ளித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ராத்திரியெல்லாம் பாதையில் கிடந்தவர்கள். கண் சொருகிப்போயிருந்தது.

என் கையில் இவர் துண்டு இருந்தது. இதை அப்படியே கொடுத்தால் ஒன்றுமில்லை என்றுதான் பேப்பர் வரும். அவர் ஆயுசுக்கும் ஓஸைப் பிடிப்பார், நான் வாயைத் திறக்க முடியாது. சொன்னால் ஊர்ப் பொம்பளைகள் அத்தனைபேரும் என்னைத் தின்றுவிடுவார்கள். என் முறை வந்தது. துவைக்காத என் துண்டைக் கொடுத்துவிட்டு, இவர் துண்டை நீட்டினேன். வாங்கப்போன கையில் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“இது துவைச்சதும்மா” என்றேன். “எங்க வீட்டுக்காரரு துவைச்சுட்டாரு.”

அந்தப் பெண் நிமிர்ந்தது. “துவைச்சதா?”

“அவரு மட்டுமில்ல…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அது ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த தாளில் ஒன்றைப் பிரித்தது. இன்னொன்றைப் பிரித்தது. நீலம் போட்டதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தது. அப்படியே படியில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்துக்கொண்டது.

“ஏத்தா, ஒனக்கு என்ன கேடு?” என்று மதினி என் காதில் சீறியது. “ஆசையாத் துவைச்சுக் கொண்டாந்தா அவமானப்படுத்துற.”

“அவமானம் இல்லக்கா” என்றது அந்தப் பெண். தலையை ஆட்டிச் சிரித்தது, ஆனால் கண்ணில் தண்ணி நின்றது. “என் தப்பு. துவைக்காதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். துவைப்பீங்கன்னு நெனைக்கவே இல்ல.” மறுபடி புதுத்துண்டு தைக்க முடியாதா என்று கேட்டேன். தோட்டத்தில் அந்தச் சுற்று மருந்தடித்து முடிந்தது, அடுத்த சுற்றுக்கு அவர்கள் இருக்கமாட்டார்கள் என்றது. அப்புறம் திடீரென்று கேட்டது. “எங்க துவைச்சாரு?”

“வீட்டுக்குப் பின்னாடி.”

“எப்பவும் அங்கதானா?”

“எப்பவும்.”

எழுந்து என்கூடவே நடந்தது. பின்பக்கம் வந்து துவைக்கிற கல்லைப் பார்த்தது. கல்லிலிருந்து தண்ணி ஓடுகிற சின்ன வாய்க்காலைப் பார்த்தது. வாய்க்கால் முடிகிற இடத்தில் எங்கள் தண்டங்கீரைப் பாத்தி. அதற்கப்பால் அண்ணன் வீட்டுச் சுவர். கொல்லைக் கீரை நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லி அதை வாரத்துக்கு ஒருமுறை மதினி வீட்டுக்கும் கட்டிக் கொடுப்பேன். அந்தப் பெண் குத்தவைத்து உட்கார்ந்து, கையுறை மாட்டிக்கொண்டு, கரண்டியால் சகதியை எடுத்துப் பாட்டிலில் போட்டது. கீரையிலும் ஒரு கைப்பிடி பறித்துக்கொண்டது.

இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “என்னத்தா, சகதியப் போயிப் பெட்டியில வைக்கிற? கேட்டுருந்தா நல்ல மண்ணா அள்ளிக் குடுத்துருப்பேன்ல” என்றார். தான் துணி துவைத்ததற்குச் சமாதானம் சொல்கிற குரல் அது.

மருந்தடிக்கிற மற்ற வீடுகளுக்கும் போய் அதே மாதிரி எடுத்தது என்று மதினி சொல்லித் தெரிந்துகொண்டேன். மதினி அதற்கப்புறம் என்னோடு ஜீப்பில் பக்கத்தில் உட்காரவில்லை.

பதில் வர மாசக்கணக்கில் ஆனது. அந்த மாசங்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து கீரையில் கை வைக்கவில்லை. வெளியில் சொல்லவும் இல்லை. சந்தைக் கீரை வாங்கி வந்து சமைத்தேன். ஒருநாள் இவர் வாயில் வைத்துவிட்டு, “நம்ம கீரை இல்லையே இது” என்றார். “பாத்தியில கெடக்குறப்ப எதுக்கு வெலைக்கு வாங்குற?”

“பூச்சி விழுந்துருக்கு.”

“பூச்சியா? சொல்லவேண்டியதுதான. கொஞ்சம் மருந்து கொண்டாந்து தெளிச்சுவிடுறேன்.”

நான் சொல்லாமல் விட்டால் தெளித்தே விடுவார் என்று, “வேணாம், கோழி கொத்திக்கிறட்டும்” என்றேன். பிறகு கோழிக்கும் பயந்து வேலி கட்டினேன்.

மழை விட்டபிறகு ஒருநாள் அந்தப் பெண் வந்தது. அதே சமுதாயக்கூடம். இந்தத் தடவை இவரே முன்வரிசையில் உட்கார்ந்தார். சுவரில் படம் போட்டுக் காட்டி விளக்கியது. மேலே ஓடையில் சில இடத்தில் பூச்சி இருக்கிறதாம், தோட்டத்துக்குக் கீழே வர வரக் குறைகிறதாம். துணித்துண்டு கணக்கு பாதிக்குமேல் வீணாகிவிட்டது என்று சொன்னபோது யாரையும் பார்க்காமல் சொன்னது. மதினி தலையைக் குனிந்துகொண்டது.

இவர் எழுந்தார். “அப்ப எம்மேல எவ்வளவு?”

“உங்க மேல எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாதுங்கய்யா. சொன்னா பொய்யாயிடும்.”

“இருக்குன்னு வரலை. அதான?”

“இருக்குன்னும் வரலை. இல்லைன்னும் வரலை.”

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்கிற பார்வை. இருக்குன்னு வரவில்லை என்றால் வரவில்லைதான். அவர் கொடுத்த வார்த்தைக்கு அது போதும். இனி நான் இந்தப் பேச்சை எடுக்க முடியாது.

அந்தப் பெண் அடுத்த படத்தைப் போட்டது. துவைக்கிற இடங்களில் எடுத்த மண்ணில் மருந்து இருந்தது என்றது. கீரையிலும் இருந்தது என்றது. சாப்பிட்டால் இன்ன நோய் வரும் என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் அந்த இடத்தில் விளைவதைச் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னது.

“கீரையிலயா?” என்றார் இவர்.

“ஆமாங்கய்யா.”

“எங்க வீட்டுக் கீரையிலயா?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தது. இவர் உட்காரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் வீட்டுக்குப் போனபோது பாத்தி காலியாக இருந்தது. கீரை முழுவதையும் வேரோடு பிடுங்கி மார்போடு அணைத்துப் பிடித்தபடி கொல்லையில் நின்றுகொண்டிருந்தார். எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் மாடு தின்னும். வாய்க்காலில் போட்டால் அடுத்த வயலுக்குப் போகும். எரிக்கலாம் என்றால் பச்சையாக இருக்கிறது. அப்படியே நின்றார்.

“வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுதான துவைச்சேன்” என்றார். என்னிடம் சொன்னது மாதிரி இல்லை. “இத்தன வருசமா உங்க தட்டுலல்ல போட்டுருக்கேன்.”

நான் ஒன்றும் பேசவில்லை. பேசமாட்டேன் என்று வார்த்தை கொடுத்தவள்தானே. ஒரு சாக்கை விரித்தேன். அதில் போட்டுக் கட்டி, சுவரோரம் வைத்தோம். ரொம்பநாள் அது அங்கேயே கிடந்தது.

மறுநாள் தோட்டத்தில் இறங்கினதும் இவர் டிரம்மிடம் போகாமல் சூப்பர்வைசரிடம் போனார். “இனி எனக்குக் களையெடுக்குற சோலி குடுங்க” என்றார்.

“என்னடோ, பொம்பளைகளோட நிக்கான் போறியா?”

“நிக்கிறேன். பொம்பளைக நல்லாத்தான பேசிக்கிட்டு வேலை பாக்குறாக.”

எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்திருப்பேன். பல வருசத்துக்கப்புறம் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது. சிரித்து முடிக்கவில்லை. சூப்பர்வைசர் ஆட்களைப் பார்த்து, “அப்போ ஓஸ் ஆரா பிடிக்கிறது?” என்று கேட்டார்.

என் அண்ணன் கையைத் தூக்கியது.

மதினி அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தது. அவர்கள் மகள் காலேஜில் சேர்ந்திருந்த வருசம் அது. அண்ணனுக்கு அந்தக் கூடக் கூலி வேண்டியிருந்தது. நான் என்ன சொல்ல முடியும்? இவர் அண்ணனிடம் போய், “வேணாம் மச்சான்” என்றார். அண்ணன் காதில் வாங்கவில்லை. “நீ விட்டா நான் புடிக்கிறேன், நான் விட்டா இன்னொருத்தன் புடிப்பான். காய்ல பூச்சி விழுந்தா தோட்டமும் போகும், நம்ம சோலியும் போகும். நகரு மாப்ளே” என்று அண்ணன் தலைத்துண்டை மூஞ்சியில் கட்டிக்கொண்டது. கொஞ்சநேரத்தில் மோட்டார் சத்தம் வந்தது. காய் எடுக்கிற கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மதினியும் நிறுத்தியிருந்தது.

முந்தின நாள் அந்தப் பெண் கிளம்பும்போது எங்கள் வீட்டில் ஒரு சோடி கனமான ரப்பர் கையுறை கொடுத்துவிட்டுப் போயிருந்தது. எடுத்து மாடத்தில் வைத்திருந்தேன்; இவருக்கு இனி அது தேவையில்லை. சாயங்காலம் மதினி வந்தது. எத்தனையோ மாசத்துக்கப்புறம் என் வீட்டு வாசல்படி ஏறியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அந்தக் கையுறை இருக்காத்தா?”

எடுத்துக் கொடுத்தேன். மதினி ஒன்றைத் தன் கையில் மாட்டிப் பார்த்தது. விரல் நுனியெல்லாம் வெறுமையாகத் தொங்கியது.

“ஒங்க அண்ணனுக்குச் சரியா இருக்கும்ல?”

“இருக்கும் மதினி” என்றேன்.